அந்தக் கேள்வியைக் கேட்டது யார்? கோஃபின் – கிங் ஜோடியின் கதை

இன்னைக்குக் கதையை ஒரு டேப் ரெக்கார்டர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

வருஷம் 1960. நியூயார்க்கில் புரூக்ளின். சின்ன அபார்ட்மென்ட். உள்ளே ஒரு பியானோ, ஒரு கைக்குழந்தை, ஒரு டேப் ரெக்கார்டர். வீட்டுக்காரர் ஜெர்ரி கோஃபினுக்கு வயசு 21. ஒரு லேபில் உதவி கெமிஸ்ட் வேலை. அன்னைக்கு அவர் பௌலிங் ஆடப் போயிருந்தார். மனைவி கரோல் கிங்குக்கு 18 வயசு. மாஜாங் ஆடக் கிளம்பும் முன்னாடி ஒரு மெட்டை வாசித்து டேப்பில் பதிந்துவிட்டு, "இதுக்கு வரி வேணும்"னு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஜெர்ரி வீட்டுக்கு வந்தார். டேப்பைப் போட்டுக் கேட்டார். எழுத உட்கார்ந்தார்.

அன்னைக்கு எழுதினது 'வில் யூ லவ் மீ டுமாரோ'. நாளைக்கும் என்னை நேசிப்பாயா? அதான் கேள்வி. இந்த ராத்திரிக்கு மட்டும் தானா, இல்லை இது நிலைக்குமான்னு ஒரு பொண்ணு தன் காதலனைக் கேட்கிறாள். அந்தப் பொண்ணோட பயத்தை வார்த்தையாக எழுதினது ஒரு ஆண். மெட்டுப் போட்டது அவரோட மனைவி. அப்போ அந்தக் கேள்வி யாரோடது? இந்த எபிசோட் முழுக்க நாம இதைத்தான் பார்க்கப் போறோம். ஏன்னா இந்த ஜோடியோட மொத்த வாழ்க்கையும் இதுக்குள்ளதான் இருக்கு.

குயின்ஸ் காலேஜில் ஆரம்பம்

கரோல் கிங்கின் இயற்பெயர் கரோல் ஜோன் க்ளைன். 1942-ல் பிறந்தவர். குழந்தையிலிருந்தே பியானோ. 1958-ல் குயின்ஸ் காலேஜில் ஜெர்ரியைச் சந்தித்தார். ஜெர்ரி அங்கே கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தார். மண்டை முழுக்க வரிகள், ஆனா மெட்டுப் போடத் தெரியாது. கரோலுக்கு மெட்டு கொட்டுது, வரிதான் சரியா அமையலை. இதைவிடப் பொருத்தம் வேணுமா?

கரோல் கர்ப்பமானார். 1959 ஆகஸ்டில் கல்யாணம். பொண்ணுக்கு 17, மாப்பிள்ளைக்கு 20. 1960 மார்ச்சில் மூத்த மகள் லூயிஸ் பிறந்தாள். கல்யாணம் ஆன புதுசில் பகலில் ரெண்டு பேரும் வேலைக்குப் போவாங்க. ஜெர்ரி லேபுக்கு, கரோல் செகரட்டரி வேலைக்கு. ராத்திரியில் பாட்டு எழுதுவாங்க.

இப்போ அந்தப் பாட்டை இந்தப் பின்னணியில் வச்சுப் பாருங்க. அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அரசு அனுமதி கிடைத்ததே 1960 மே மாசம்தான். அந்தக் காலத்தில் ஒரு ராத்திரிக்கான விலையை யார் கொடுக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் இருந்த ரெண்டு பேருக்கும் ரொம்ப நல்லாவே தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பியானோ

இவங்க வேலை பார்த்தது ஆல்டன் மியூசிக் என்ற பதிப்பகத்துக்கு. நடத்தியவர்கள் டான் கிர்ஷ்னரும் ஆல் நெவின்ஸும். முகவரி 1650 பிராட்வே. இந்த மாதிரிப் பாட்டுகளைப் பொதுவா 'ப்ரில் பில்டிங் சவுண்ட்'னு சொல்வாங்க. உண்மையில் ப்ரில் பில்டிங் 1619 பிராட்வே. இவங்க ஆபீஸ் அதே தெருவில் இன்னொரு கட்டடம். பேரு மட்டும் அந்தப் பக்கமே ஒட்டிக்கிச்சு.

உள்ளே சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு பியானோ. பக்கத்து அறையில் வாசிக்கிறது இங்கே கேட்கும். அங்கே பேரி மேன் – சிந்தியா வெயில் ஜோடி இருப்பாங்க, இல்லைன்னா நீல் செடாகாவும் ஹோவர்ட் க்ரீன்ஃபீல்டும். எல்லாரும் நண்பர்கள், எல்லாரும் போட்டியாளர்கள். இந்தப் பாடகருக்கு அடுத்த பாட்டு வேணும்னு கிர்ஷ்னர் சொன்னா போதும், எல்லா அறையிலும் வேலை ஆரம்பிச்சுடும். ஜெயிக்கிறது ஒரே ஒரு பாட்டு.

அப்படி ஜெயிச்சதுதான் 'வில் யூ லவ் மீ டுமாரோ'. பாட வேண்டியவர்கள் ஷிரெல்ஸ், நாலு கறுப்பினப் பெண்கள் கொண்ட குழு. முன்னணிப் பாடகி ஷர்லி ஓவன்ஸுக்கு முதலில் பாட்டே பிடிக்கலை. ரொம்ப கன்ட்ரி பாட்டு மாதிரி இருக்குன்னு சொன்னார். அப்புறம் வயலின்கள் சேர்ந்தன. அந்த வாத்திய அமைப்பையும் எழுதியது 18 வயசு கரோல்தான். 1961 ஜனவரியில் பாட்டு பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

ஜெர்ரி லேப் வேலையை விட்டார்.

ஹிட்டுக்கு மேல ஹிட்

அடுத்த ரெண்டு வருஷத்தைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துடலாம். 1961-ல் பாபி வீ பாடிய 'டேக் குட் கேர் ஆஃப் மை பேபி' முதலிடம். 1962-ல் 'தி லோகோ-மோஷன்' முதலிடம். 1963 ஆரம்பத்தில் ஸ்டீவ் லாரன்ஸ் பாடிய 'கோ அவே லிட்டில் கேர்ள்' முதலிடம். இதில் கடைசி ரெண்டு பாட்டும் எழுபதுகளில் வேற ஆட்கள் பாடி மறுபடியும் முதலிடத்துக்குப் போச்சு.

இதே காலத்துப் பாட்டுதான் ட்ரிஃப்டர்ஸ் பாடிய 'அப் ஆன் தி ரூஃப்'. ஊர் இரைச்சல் தாங்க முடியாதவன் மொட்டை மாடிக்குப் போய் மூச்சு விடுற பாட்டு. நெரிசலான ஊரில் வளர்ந்த யாருக்கும் விளக்கமே வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம். இத்தனை பாட்டுக்கும் டெமோ பாடியது பெரும்பாலும் கரோல். பாடகர்கள் அந்த டெமோவைக் கேட்டுத்தான் பாட்டைக் கத்துக்கிட்டாங்க. ஆனா வெளியே போகும் தட்டில் அந்தக் குரல் இருக்காது. ஒரே ஒருமுறை, பாபி வீக்காகப் போட்ட டெமோ 1962-ல் கரோலின் பெயரிலேயே வெளியானது. அமெரிக்காவில் 22-வது இடம், இங்கிலாந்தில் 3-வது இடம். நல்ல வரவேற்புதான். இருந்தாலும் அவர் பாடகியா முன்னாடி வரலை. வீட்டில் ரெண்டு குழந்தைகள். அதோட மேடைன்னாலே பயம்.

தப்பாகப் போன பாட்டு

'தி லோகோ-மோஷன்' பாடியவர் லிட்டில் ஈவா. அசல் பெயர் ஈவா பாய்ட். இவங்க வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு. பாட்டு உலகம் முழுக்கப் போச்சு. பாட்டின் உரிமை மட்டும் ஈவாவிடம் இல்லை.

அந்த ஈவா ஒருநாள், காதலன் தன்னை அடித்ததைப் பற்றிப் பேசினார். அடிச்சதே அன்பினால்தான் என்கிற மாதிரிப் பேச்சு. அதைக் கேட்டு ஜெர்ரியும் கரோலும் 1962-ல் ஒரு பாட்டு எழுதினார்கள்: 'ஹி ஹிட் மீ'. அடி முத்தம் மாதிரி இருந்ததுன்னு ஒரு பொண்ணு சொல்ற பாட்டு. ஃபில் ஸ்பெக்டர் தயாரிக்க, கிறிஸ்டல்ஸ் குழு பாடியது. எதிர்ப்பு கிளம்பியது. தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பாட்டில் தனக்குப் பங்கு இருந்ததுக்காகக் கரோல் பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார்.

ஒரு பொண்ணு தன் பயத்தைச் சொல்றா, இன்னொருத்தர் அதைக் கேட்டு எழுதுறார். முதல் பாட்டிலும் நடந்தது இதுதான், இந்தப் பாட்டிலும் நடந்தது இதுதான். அங்கே அந்தப் பயம் ஒரு கேள்வியா வந்தது, நின்னுடுச்சு. இங்கே அந்தப் பொண்ணு தனக்குத்தானே சொல்லிக்கிட்ட சமாதானத்தை அப்படியே பாட்டாக்கிட்டாங்க. அந்தச் சமாதானத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் கேட்கலை. அடுத்தவங்க குரலில் எழுதுறவங்களுக்கு எப்பவுமே இருக்கிற ஆபத்து இது.

ரசிகர்களே வந்து கடையை மூட வச்சாங்க

1963-ல் இங்கிலாந்தில் பீட்டில்ஸின் முதல் ஆல்பம் வந்தது. அதில் 'செயின்ஸ்' என்ற பாட்டு கோஃபின் – கிங் எழுதியது. தானும் பால் மெக்கார்ட்னியும் இங்கிலாந்தின் கோஃபின் – கிங் ஆக வேண்டும் என்பதுதான் ஜான் லெனனின் ஆசையாக இருந்ததாம்.

அந்த ரசிகர்கள்தான் 1964-ல் அமெரிக்காவுக்கு வந்து இந்தத் தொழிலையே மாத்திட்டாங்க. இனிமே பாடுறவனே எழுதணும். கூடவே பாப் டிலன். ஜெர்ரி டிலனைக் கேட்டு ஆடிப்போனார். 'நான் இத்தனை நாள் எழுதினதெல்லாம் என்ன?' என்ற கேள்வி அவரை விடவில்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. குடும்பம் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சுக்குக் குடிபோயிருந்தது. கரோலுக்கு அது பிடித்தது, ஜெர்ரிக்குப் பிடிக்கலை. அந்த எரிச்சல்தான் 1967-ல் மன்கீஸ் பாடிய 'ப்ளெசன்ட் வேலி சண்டே' ஆனது. அங்கே ப்ளெசன்ட் வேலி வே-ன்னு ஒரு சாலையே இருக்கு. இதற்கிடையே இவர்களோடு வேலை செய்த ஒரு பாடகியோடு ஜெர்ரிக்கு உறவு ஏற்பட்டு, ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. எல்.எஸ்.டி பழக்கம் வந்தது, கடுமையான மனநலச் சிக்கல் வந்தது, மின் அதிர்ச்சி சிகிச்சை வரை போனது. கரோல் 2012-ல் எழுதிய சுயசரிதையில் இந்த நாட்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தப் பெரிய பாட்டு வந்தது. 1967-ல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் ஜெர்ரி வெக்ஸ்லர் காரில் போகும்போது தெருவில் இவங்களைப் பார்த்தார். அரீதா ஃப்ராங்க்ளினுக்கு 'நேச்சுரல் வுமன்'னு ஒரு பாட்டு வேணும்னு கேட்டுவிட்டுப் போனார். அன்னைக்கு ராத்திரியே எழுதி முடிச்சாங்க. தலைப்பு ஒரு ஆண் கொடுத்தது, வரிகள் இன்னொரு ஆண் எழுதியது. தன்னை முழுசா ஒரு பெண்ணாக உணர்கிறேன் என்று சொல்லும் பாட்டு! அரீதா வாயைத் திறந்ததும் அது வேற யாரோடதாகவும் இல்லாமல் போயிடுச்சு.

1968-ல் கரோலும் ஜெர்ரியும் விவாகரத்து செய்துகொண்டார்கள்.

மறுபடியும் அதே கேள்வி

கரோல் ரெண்டு மகள்களோடு லாஸ் ஏஞ்சலஸ் போனார், லாரல் கேன்யன் பகுதிக்கு. அங்கே ஜேம்ஸ் டெய்லர் நண்பரானார். கரோல் அவருக்குப் பியானோ வாசிப்பார், அவ்வளவுதான். ஒரு கச்சேரி குயின்ஸ் காலேஜில். ஆமா, ஜெர்ரியைச் சந்தித்த அதே காலேஜ். அன்னைக்கு டெய்லர், 'அப் ஆன் தி ரூஃப்' பாட்டை நீங்களே பாடுங்கன்னு கரோலை முன்னாடி தள்ளிவிட்டார். ஜெர்ரி எழுதிய வரிகளை, அவரைச் சந்தித்த இடத்தில், அவர் இல்லாமல் கரோல் பாடினார்.

1971 பிப்ரவரி 10. தன் 29-வது பிறந்தநாளுக்கு மறுநாள் கரோலின் 'டேப்பெஸ்ட்ரி' ஆல்பம் வெளியானது. தயாரிப்பு லூ ஆட்லர். 15 வாரம் முதலிடம். அடுத்த வருஷம் நாலு கிராமி. 'சாங் ஆஃப் தி இயர்' விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அந்த ஆல்பத்தில் 'நேச்சுரல் வுமன்' இருக்கு. 'வில் யூ லவ் மீ டுமாரோ'வும் இருக்கு. ஷிரெல்ஸ் பாடியதைவிட ரொம்ப மெதுவா, பியானோவோட. பின்குரலில் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்சலும். வரிகள் அதேதான். ஷிரெல்ஸ் பாடும்போது அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியாது. கரோல் பாடும்போது நாளை வந்து, போயே போயிடுச்சு. கேள்வியை எழுதினவரோட பதிலும் அவருக்குத் தெரியும். இருந்தும் அந்தக் குரலில் பழி தீர்க்கிற தொனி கொஞ்சமும் இல்லை.

எழுதினவர் என்ன ஆனார்?

ஜெர்ரியும் பாடிப் பார்த்தார். 1973-ல் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் போட்டார். யாரும் பெருசா கண்டுக்கலை. அவருக்கு எப்பவும் இன்னொருத்தர் குரல் தேவைப்பட்டது. மைக்கேல் மாசர் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து டயானா ராஸுக்கு 'மஹோகனி' படப் பாட்டு எழுதினார். 1976-ல் முதலிடம். அதே கூட்டணியின் 'சேவிங் ஆல் மை லவ் ஃபார் யூ'வை 1985-ல் விட்னி ஹூஸ்டன் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அதுவும் கல்யாணமான ஒருவனுக்காகக் காத்திருக்கும் பொண்ணோட குரல்தான். அந்தப் பாட்டை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்! எழுதியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1990-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ரெண்டு பேரையும் சேர்த்தே கௌரவித்தது. 2014 ஜனவரியில் இவங்க கதையைச் சொல்லும் 'பியூட்டிஃபுல்' இசை நாடகம் பிராட்வேயில் தொடங்கியது. அதே வருஷம் ஜூன் 19-ல் ஜெர்ரி இறந்தார். வயது 75. அன்னைக்குக் கரோல் வெளியிட்ட அஞ்சலியில் அவரைத் தன் முதல் காதல் என்று சொன்னார். பலரும் மனசில் உணர்ந்து, சொல்லத் தெரியாமல் இருந்ததை அவருடைய வார்த்தைகள் சொன்னன என்றார்.

அப்போ அந்தக் கேள்வி யாரோடது? நான் நினைக்கிறது இதுதான். நல்ல கணவனா இருக்க முடியாத ஒரு ஆளால், கைவிடப்படுவோமோன்னு பயப்படுற ஒரு பொண்ணோட மனசை எழுத முடிஞ்சது. அந்தத் திறமை உண்மை, அவர் கொடுத்த வலியும் உண்மை. ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்க வேண்டியதில்லை. கரோல் அழிக்கலை. அவர் செஞ்சது ஒண்ணுதான்: தன்னைப் பத்தி அடுத்தவர் எழுதின வார்த்தையை எடுத்து, தன் குரலில் பாடினார்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. ஹெட்ஃபோன் போட்டு முதலில் ஷிரெல்ஸ் பாடியதைக் கேளுங்க. உடனே 'டேப்பெஸ்ட்ரி'யில் இருப்பதைக் கேளுங்க. ரெண்டுக்கும் நடுவில் பத்து வருஷம் இருக்கு. அது உங்க காதுக்கே கேட்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.