ஒரு தந்தையின் கணக்கெடுப்பும் ஒரு பாடசாலையின் பிறப்பும்



நற்காரியங்களுக்கு நிதி திரட்டுவது நமக்குப் புதிதன்று. பள்ளிவாசல் கட்டுமானத்திற்கோ, மத்ரஸாவின் கூரைக்கோ, வெள்ளத்தில் வீடிழந்தோருக்கோ ஜும்ஆத் தொழுகையின் பின்னர் வாயிலில் துணி விரித்தால், சிறிது நேரத்தில் அது நிறைந்துவிடுகின்றது. செவிப்புலனற்ற சிறுவர்களின் கல்விக்கென விரிக்கப்படும் துணி அவ்வளவு இலகுவில் நிறைவதில்லை. மக்களின் உள்ளம் சுருங்கிவிட்டது என்று நான் கருதவில்லை. இடிந்த சுவர் கண்ணுக்குத் தெரிகின்றது. நனைந்த பாய் தெரிகின்றது. செவிப்புலனற்ற பிள்ளையோ ஓடுகின்றது, விளையாடுகின்றது, சிரிக்கின்றது. அதற்கு எது தேவை என்பது பார்ப்பவருக்கு விளங்குவதில்லை. பெற்றோரிலும் சிலர், ஊரார் என்ன சொல்வார்களோ எனும் அச்சத்தில் அப்பிள்ளையை உள்ளறையோடு நிறுத்திவிடுகின்றனர். உள்ளறையில் இருக்கும் பிள்ளைக்கு யார் நிதி தருவார்?

இந்த இடர்பாடு நமது ஊருக்கோ நமது காலத்துக்கோ மட்டும் உரியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபர்ட் எனும் நகரத்தில் வாழ்ந்த ஒரு வைத்தியரும் இதனை எதிர்கொண்டார். அவர் அதனை எவ்வாறு கடந்தார் என்பது பெற்றோரும் இளைஞரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும். அதற்கு முன், அக்கால ஐரோப்பாவின் நிலையைச் சற்று நோக்குவோம்.

1760ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் தோமஸ் பிரெய்ட்வுட் என்பவர் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பிக்கும் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். அவரது திறமையில் ஐயமில்லை. எனினும் தமது கற்பித்தல் முறையை அவர் ஒரு குடும்பச் சொத்தாகவே மறைத்து வைத்திருந்தார். கட்டணமோ செல்வந்தருக்கு மட்டுமே எட்டக்கூடியது. கிரீஸி எனும் தாயொருவர் தம் மகனைப் பத்து ஆண்டுகள் பிரெய்ட்வுட்டிடம் படிப்பிக்க 1,500 பவுண்கள் செலவிட்டார். மகன் படித்துவிட்டான் என்பதோடு அத்தாயின் மனம் அமைதியடையவில்லை. இத்தொகையைச் செலுத்த இயலாத பெற்றோரின் பிள்ளைகள் என்னாவது என்று தமது பாதிரியாரான ஜோன் டவுன்சென்டிடம் அவர் முறையிட்டார். அதன் விளைவாகவே 1792இல் இலண்டனின் பேர்மொன்ட்சிப் பகுதியில், பொதுமக்களின் சந்தாப் பணத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்று தோன்றியது.

ஆனால் அங்கும் ஒரு சங்கடம் எழுந்தது. இடமோ குறைவு; காத்திருப்போரோ அதிகம். எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதைச் சந்தா செலுத்தியோர் வாக்களித்துத் தீர்மானித்தனர். பெற்றோர் தம் பிள்ளைக்காக வாக்குத் தேடி அவர்களது தயவை நாட வேண்டியதாயிற்று. கொடுப்பவரின் கை அளவுக்கு மீறி ஓங்கும்போது கொடை எத்தகைய வடிவம் எடுக்கும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

பிரான்ஸில் நிலைமை வேறாக இருந்தது. பாரிஸ் நகரில் அபே டி லெப்பே எனும் பாதிரியார் 1760களில் தமது சொந்த வருவாயைக் கொண்டு இலவசப் பாடசாலையொன்றை நடாத்தினார். பிள்ளைகள் தம்மிடையே பயன்படுத்திய சைகைகளையே அவர் கல்விக்கு வாயிலாக்கினார். முறையை மறைக்கவுமில்லை, யாவரும் வந்து பார்க்கலாம் என்று வகுப்பறையின் கதவைத் திறந்து வைத்தார். 1777இல் ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பும் அங்கு வந்து பார்வையிட்டார். ரஷ்யாவின் பேரரசி கத்தரீன் அனுப்பிய அன்பளிப்பை ஏற்காது, அதற்குப் பதிலாக அந்நாட்டிலிருந்து செவிப்புலனற்ற ஒரு பிள்ளையை அனுப்பிவைக்குமாறு அவர் கேட்டதாகக் கூறப்படுகின்றது. அவர் 1789இல் மரணித்தார். 1791இல் பிரெஞ்சு தேசிய சபை அப்பாடசாலையைப் பொறுப்பேற்று அரச செலவில் நடாத்தத் தொடங்கியது.

இனி ஹார்ட்ஃபர்டுக்கு வருவோம். அங்கு மேசன் கொக்ஸ்வெல் எனும் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு 1805இல் அலிஸ் எனும் மகள் பிறந்தாள். இரண்டு வயதில் கடுமையான காய்ச்சலொன்று அவளது செவிப்புலனைப் பறித்தது. சிறிது காலத்தில் பேச்சும் நின்றது. ஊரில் பெயர்பெற்ற வைத்தியர். ஆயினும் தம் மகளுக்கு மருந்தில்லை என்பதை அவரே நன்கறிந்திருந்தார். அவளைக் கடல் கடந்து எடின்பரோவுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நம் நாட்டிலேயே ஒரு பாடசாலை இருந்தாலென்ன என்று அவர் சிந்திக்கலானார்.

பாடசாலைக்குப் பணம் வேண்டும். பணம் கேட்டால், இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கின்றனர் என்ற கேள்வி முதலில் எழும். எவரிடமும் விடை இருக்கவில்லை. அவருக்கு முன்னரே பொஸ்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் கிரீன் எனும் தந்தை இதே கேள்வியை எழுப்பியிருந்தார். அவரது மகனும் செவிப்புலனற்றவன், பிரெய்ட்வுட்டிடம் கற்றவன். 1803இல் கிரீன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மதகுருமாரைக் கொண்டு கணக்கெடுப்பித்தபோது 75 பேர் கண்டறியப்பட்டனர். ஆயினும் எவரும் முன்வரவில்லை. 1809இல் கிரீனும் காலமானார். அவரது மகன் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னரே நீரில் மூழ்கி இறந்துவிட்டான். சொந்த மகனை இழந்த பின்னரும் பிறர் பிள்ளைகளுக்காக ஓடிய அம்மனிதரை வரலாறு போதியளவு நினைவுகூரவில்லை என்றே நான் எண்ணுகின்றேன்.

கொக்ஸ்வெல்லும் அதே வழியில் சென்றார். 1812இல் கனெக்டிகட்டின் தேவாலயக் குருமார் தத்தமது ஊர்களில் விசாரித்துத் தந்த எண்ணிக்கை 84. அந்த விகிதத்தில் நாடு முழுவதும் ஏறக்குறைய 2,000 பேர் இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அதுவரை ‘வைத்தியரின் மகள்’ எனும் ஒரு குடும்பத்தின் துயரமாக இருந்த விடயம், ஒரு மாநிலத்தின் பொறுப்பாக மாறியது இந்த எண்ணிக்கையின் பின்னர்தான். வீடுகளின் கதவுகளைத் தட்டி, மறைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கேட்டறிந்ததே அங்கு நிகழ்ந்த முதலாவது விழிப்புணர்வுப் பணியாகும்.

1815 ஏப்ரலில் வைத்தியரின் வீட்டில் நகரப் பிரமுகர்கள் கூடினர். ஐரோப்பாவுக்கு ஒருவரை அனுப்பிக் கற்பித்தல் முறையை அறிந்துவரத் தேவையான பணம் வாக்களிக்கப்பட்டது. அயல்வீட்டு இளைஞரான தோமஸ் கெலடெட் தெரிவானார். அவர் இறையியல் படித்தவர், உடல்நலம் குன்றியவர், சிறுமி அலிஸுக்குத் தொப்பியைக் காட்டி, மண்ணில் எழுத்துகளை எழுதிக் கற்பிக்க முயன்றவர். பிரித்தானியாவில் அவருக்குக் கிடைத்தது ஏமாற்றமே. பிரெய்ட்வுட்டின் உறவினர் இலண்டன் இல்லத்தை நடாத்தினார். மூன்று ஆண்டுகள் தம்மிடம் உதவியாளராகப் பணியாற்றினால்தான் முறையைக் கற்பிக்க இயலும் என்றார். எடின்பரோவில் இருந்த ஆசிரியரோ, முறையை வெளியிடமாட்டேன் எனப் பிரெய்ட்வுட் குடும்பத்தாருக்குப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். ஊர் மக்கள் சேர்த்துத் தந்த பணத்தோடு வந்த இளைஞர், கதவுகள் மூடப்பட்டு நின்றார். கல்வியை விலைப்பொருளாகப் பூட்டி வைப்பதன் விளைவு இதுவே.

அவ்வேளை பாரிஸ் பாடசாலையின் அதிபர் சிக்கார் தம் மாணவர்கள் இருவரோடு இலண்டனில் பொதுமக்கள் முன்னிலையில் செய்முறை விளக்கங்களை நடாத்திக்கொண்டிருந்தார். அங்கு கெலடெட் அவர்களைச் சந்தித்தார். அம்மாணவர்களுள் ஒருவர் லோரான் கிளேர்க். 1785இல் லியோன் நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் பிறந்தவர். ஒரு வயதில் நெருப்பில் விழுந்த தழும்பு அவரது கன்னத்தில் இருந்தது. பன்னிரண்டு வயதில் பாடசாலை சேர்ந்து, அங்கேயே ஆசிரியராக உயர்ந்தவர். பின்னர் பாரிஸ் சென்று சைகை மொழியைக் கற்ற கெலடெட், தம்மோடு அமெரிக்கா வருமாறு கிளேர்க்கை அழைத்தார். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், சம்பளத்தோடு, கிளேர்க் சம்மதித்தார். 1816 ஜூனில் கப்பலேறி 52 நாட்கள் பயணித்தனர். வழியெங்கும் கெலடெட் சைகையைப் பயின்றார். கிளேர்க் ஆங்கிலத்தைப் பயின்றார்.

இனித்தான் உண்மையான நிதி திரட்டல் ஆரம்பமாகின்றது. ஹார்ட்ஃபர்ட் மக்கள் கொடுத்தது பாடசாலைக்குப் போதாது. ஆகவே இருவரும் பொஸ்டன், நியூ ஹேவன், ஆல்பனி, நியூயோர்க், பிலடெல்பியா என ஊர் ஊராகச் சென்றனர். மாதக்கணக்கில் நீடித்த பயணம் அது. மக்களின் சந்தேகம் இரு வகையாக இருந்தது. செவிப்புலனற்றோரால் கல்வி கற்க முடியுமா என்பது ஒன்று. கொடுக்கும் பணம் வீணாகாதா என்பது மற்றையது. இரண்டாவது சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. பிரெய்ட்வுட்டின் பேரன் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்கா வந்து, பாடசாலை தொடங்குவதாகச் செல்வந்தரொருவரிடம் பணம் பெற்று, அதனைக் குடியில் தொலைத்திருந்தார். ஒருவரின் மோசடி, பின்னால் வரும் பத்து நல்லவர்களின் தட்டில் விழவேண்டியதைத் தடுத்துவிடும்.

இவ்விரண்டு சந்தேகங்களுக்கும் விடையளித்தவர் கிளேர்க். அவர் எழுதிய உரையைக் கெலடெட் சபையில் வாசிப்பார். பின்னர் சபையோர் எழுத்தில் கேள்வி கேட்பர். கிளேர்க் அங்கேயே பதில் எழுதுவார். சில மாதங்களுக்கு முன்னர்தான் கற்ற மொழி அது! செவிப்புலன் இல்லாதது துயரமாக இல்லையா என அவரிடம் வினவப்பட்டபோது, ஒருபோதும் தம்மிடம் இருந்திராத ஒன்றைத் தாம் இழந்துவிட்டதாக எண்ணவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார். இரக்கப்பட வந்தவர்கள் மரியாதையோடு திரும்பினர். அதன் பின்னரே பணப்பைகள் திறந்தன. ஏறக்குறைய 12,000 டொலர் சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றேன். சைகையால் ஓர் எண்ணத்தைத் தெளிவாகக் கூறமுடியும் என்பதை அமெரிக்கருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. பண்டைய உரோமச் சட்டம், பிறவியிலேயே செவியும் பேச்சும் இல்லாதவர் மரணசாசனம் எழுதுவதைக்கூட அனுமதிக்கவில்லை. நமது பிக்ஹுக் கலையிலோ, பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை நாவினால் கூறும் விளக்கத்தைப் போன்றது எனும் விதி நெடுங்காலமாக உண்டு. உஸ்மானியப் பேரரசின் மஜல்லாச் சட்டத்தொகுப்பில் அது 70ஆவது உறுப்புரையாக இடம்பெற்றது. உஸ்மானிய அரண்மனையில் செவிப்புலனற்ற பணியாளர்களின் சைகை மொழியைச் சுல்தான்களே பயன்படுத்தினர். இத்தகைய மரபை உடைய நாம், சைகையால் பேசும் பிள்ளையைச் சந்தியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது விந்தையானது.

1816 ஒக்டோபரில் கனெக்டிகட் சட்டசபை 5,000 டொலர் வழங்கியது. 1817 ஏப்ரல் 15ஆம் திகதி, வாடகைக் கட்டடமொன்றில் ஏழு மாணவர்களோடு பாடசாலை திறக்கப்பட்டது. முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவள் அலிஸ். ஆனால் திறப்பு விழாவோடு பணக்கவலை தீர்ந்துவிடவில்லை. ஆண்டுக் கட்டணம் 200 டொலராக இருந்தது. ஏழை விவசாயியால் அதனைக் கனவிலும் எண்ண முடியாது. ஆகவே 1818இல் கிளேர்க் வாஷிங்டன் சென்று காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்தித்தார். சபாநாயகர் ஹென்றி கிளே அவரைக் கௌரவித்தார். 1819இல் காங்கிரஸ் ஏறத்தாழ 23,000 ஏக்கர் அரச நிலத்தைப் பாடசாலைக்கு வழங்கியது. அலபாமா மாநிலத்தில் அமைந்த அந்நிலம் விற்கப்பட்டு நிரந்தர நிதியமாயிற்று. அது பூர்வீகக் குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட பூமி என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். அதே 1819இல் மாசசூசெட்ஸ் அரசு தனது ஏழை மாணவர்களுக்கான செலவைத் தானே ஏற்க முன்வந்தது. அயல் மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆக, நன்கொடை கதவைத் திறந்தது. கதவைத் திறந்தே வைத்திருந்தது அரச நிதியாகும்.

செவிப்புலனற்றோரை மேடையேற்றி நிதி திரட்டுவது முறையா எனும் கேள்வி இன்றும் எழுகின்றது. கிளேர்க் வளர்ந்தவர், ஆசிரியர், தாமே விரும்பி நின்றவர், எழுதிய சொல் அவருடையது. அழும் பிள்ளையின் படத்தைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு, பெயரையும் ஊரையும் வெளியிட்டுப் பணம் கேட்பது அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. அப்படம் ஒரு நாளில் பணம் தரலாம். அப்பிள்ளை வளர்ந்து வேலை தேடும்போதும், திருமணம் பேசும்போதும் அதே படம் அவனைத் தொடரும். நிதி சேகரிக்கும் நமது இளைஞர் சங்கங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பிள்ளையின் முகத்தை விற்காமல், பாடசாலையின் கணக்கை வெளியிட்டும் பணம் கேட்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்கென வந்த கிளேர்க் 1858 வரை அங்கு கற்பித்து, 1869இல் ஹார்ட்ஃபர்டிலேயே மரணித்தார். வைத்தியர் கொக்ஸ்வெல் 1830 டிசம்பரில் காலமானார். தந்தையின் பிரிவைத் தாங்காத அலிஸ் அதே மாத இறுதியில், 25 வயதில் கண்ணை மூடினாள். அவர்களது பாடசாலை இன்றும் கனெக்டிகட்டில் இயங்குகின்றது.

கெலடெட்டின் மனைவியும் அப்பாடசாலையில் கற்ற, செவிப்புலனற்ற பெண்மணியே. அவர்களது இளைய மகன் எட்வர்ட்டின் தலைமையில் 1864இல் வாஷிங்டனில் செவிப்புலனற்றோருக்கான உயர்கல்லூரி உருவாயிற்று. ஜனாதிபதி லிங்கன் அதற்கான சட்டத்தில் ஒப்பமிட்டார். நிதி வந்தது, கட்டடங்கள் எழுந்தன, பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. ஆயினும் 124 ஆண்டுகளாக அதன் தலைவர் பதவியில் செவிப்புலனற்ற ஒருவர்கூட அமர்த்தப்படவில்லை. 1988 மார்ச்சில் நிர்வாக சபை மீண்டும் செவிப்புலனுள்ள ஒருவரையே நியமித்தபோது, மாணவர்கள் வாயில்களை அடைத்து ஒரு வாரம் போராடினர். அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று, நிதியையும் நிர்வாகத்தையும் கையாளும் அச்சபையில் பெரும்பான்மையினர் செவிப்புலனற்றோராக இருக்கவேண்டும் என்பதாகும். வார இறுதியில் ஐ. கிங் ஜோர்டன், முதலாவது செவிப்புலனற்ற தலைவராக நியமிக்கப்பட்டார்.