குருவானவரின் கொப்பியும் சிறுநீரகக் கலமும்

1950களில் பின்லாந்தின் சிறுவர் வைத்தியர்களிடம் ஒரேமாதிரியான குழந்தைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். மாதம் முந்திப் பிறந்தவர்கள். கூட வந்த சூல்வித்தகம் அளவுக்கு மீறிப் பெரிது. கொஞ்ச நாளில் உடம்பு வீங்கும், வயிறு ஊதும், சிறுநீரோடு புரதம் போய்க்கொண்டே இருக்கும். கனபேர் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. 1956இல் நீலோ ஹல்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப்பற்றி எழுதினார்கள். ஆனால் ஏன் வருகுது எண்டு அப்போது ஒருத்தருக்கும் தெரியாது.

பதிலைத் தேடி ரெய்யோ நோரியோ என்ற இளம் வைத்தியர் போன இடம்தான் வரலாறு படிக்கிற என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. அவர் போனது தேவாலயப் பதிவேடுகளிடம்.

பின்லாந்து 1809 வரை சுவீடனின் கீழ் இருந்தது. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி குருவானவர்கள் வீடு வீடாகக் கணக்கு வைக்கவேண்டும். ஆர் பிறந்தது, ஆரைக் கட்டினது, எந்த ஊரிலிருந்து வந்தது, எப்போது செத்தது, வாசிக்கத் தெரியுமா, ஞானோபதேசம் பாடமா என்பதுவரை எழுதினார்கள். சனத்தைக் கண்காணிக்க வைத்த கொப்பிகள் அவை. அதில் புனிதமாக ஒன்றுமில்லை. நோரியோ 57 குடும்பங்களை எடுத்து, அந்தக் கொப்பிகள் வழியே தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போனார். தாய் தகப்பன் தங்களுக்குள் சொந்தம் எண்டே தெரியாத குடும்பங்களில்கூட, பல தலைமுறைக்கு முன்னால் வழிகள் ஒன்றுசேர்ந்தன. 1966இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, இது பின்னிடைவாகக் கடத்தப்படும் பரம்பரை நோய் எண்டு காட்டியது. தாயிடமும் தகப்பனிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கும், இருவருக்கும் ஒரு வருத்தமும் இராது, பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு நோய் வர வாய்ப்பு. 16ஆம் நூற்றாண்டில் சில குடும்பங்களாகக் காடுகளுக்குள் போய்க் குடியேறி, வெளியார் அதிகம் வராமல் பெருகிய ஊர்களின் வரலாறு அந்தக் குழந்தைகளின் உடம்பில் இருந்தது.

சரி, பழுது எங்கே? சிறுநீரகத்தில் இரத்தம் வடிவது கலன்கோளத்தில் எண்டு உயர்தர உயிரியல்காரர் சொல்லுவினம். அந்த வடியில் மூன்று படை: மயிர்க்குழாய்ச் சுவர், அடித்தள மென்சவ்வு, வெளியே பொடோசைட் எனப்படும் பாதக்கலங்கள். பாதக்கலம் ஒரு விசித்திரப் பிறவி. ஒக்டோபஸ் மாதிரிக் கால்களை நீட்டி மயிர்க்குழாயைக் கட்டிப்பிடித்திருக்கும். பக்கத்துக் கலங்களின் விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்க, இடையில் ஒரு பிளவு. அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரின் 25,000இல் ஒரு பங்களவுதான். இலத்திரன் நுணுக்குக்காட்டி வரும்வரை இதைச் சரியாகப் பார்க்க வழியே இருக்கவில்லை. 1957இல் மரிலின் ஃபார்குவாரும் சக ஆய்வாளர்களும் சிறுநீரில் புரதம் போகும் நோயாளிகளில் இந்தக் கால்கள் தட்டையாகிக் கிடப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் வடிக்கும் வேலையின் பெரும்பங்கு அடித்தள மென்சவ்வுக்குத்தான் எண்டு கனபேர் நம்பினார்கள்.

நோரியோ தேடிய அதே நோயின் பரம்பரையலகை 1998இல் கார்ல் திரிக்வசனின் குழு 19ஆம் நிறமூர்த்தத்தில் கண்டுபிடித்தது. அது உண்டாக்கும் புரதத்துக்கு நெஃப்ரின் எண்டு பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே அது இருக்கும் இடமும் தெரிந்தது: மென்சவ்வில் இல்லை, பாதக்கலங்களுக்கு இடையிலான அந்தப் பிளவில். பின்லாந்துக் குழந்தைகளில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோரின் நோய்க்கு இரண்டே இரண்டு விகாரங்கள்தான் காரணம். அரிதான ஒரு நோய், எல்லா மனிதரின் சிறுநீரகமும் எப்படி வடிக்கிறது எண்ட விளக்கத்தையே மாற்றிவிட்டது.

குழந்தைகளைக் காப்பாற்றும் வழி அதற்கு முன்னமே, 1980களில், திறந்திருந்தது. இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துவிட்டு, இரத்தச் சுத்திகரிப்பில் வைத்து வளர்த்து, பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது. ஆனால் சிலருக்குப் புதுச் சிறுநீரகத்திலும் புரதம் ஒழுகத் தொடங்கியது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. பிறந்ததிலிருந்து நெஃப்ரினையே காணாத உடம்பு, மாற்றுச் சிறுநீரகத்தில் இருந்த நெஃப்ரினை அந்நியமாக எண்ணி, பிறபொருளெதிரிகளை அனுப்பித் தாக்கியிருந்தது.

அதே பிறபொருளெதிரிகளைப் பரம்பரைப் பழுது இல்லாத பிள்ளைகளிலும் தேடினார்கள். முகமும் காலும் வீங்கி வைத்தியசாலைக்கு வரும், காரணம் தெரியாத நெஃப்ரோட்டிக் நோயுள்ள பிள்ளைகள். 2024இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் இரத்தத்தில் அவை இருந்தன.