ஆண்டுக்கு ஒரு கடிதம்

மாதம் முடிகிற நாளில் சற்று உட்கார்ந்து, இந்த மாதம் எதைப் படித்தோம், வீட்டில் என்ன நடந்தது, உடம்பு எப்படி இருந்தது, மனம் எதில் தங்கியது என்று திரும்பிப் பார்த்து எழுதி வைக்கிறவர்கள் உண்டு. சிலர் நாட்குறிப்பில் எழுதுகிறார்கள், சிலர் நண்பருக்குக் கடிதமாக எழுதுகிறார்கள். இது வசதியும் ஓய்வும் உள்ளவர்களின் பழக்கம், உழைத்துச் சாகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சொல்வோரும் உண்டு. அந்தமான் தீவுகளின் வரலாற்றைப் படித்தால் இந்தப் பேச்சை ஏற்க முடியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வாழும் ஒரு தமிழர் இன்று ஒரு புத்தகத்தை விரித்துப் படிக்கலாம், மாதக் கடைசியில் அதைப்பற்றி ஊருக்கு எழுதலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை. அதே தீவில் இதற்காக மனிதர்கள் பட்டினி கிடந்து செத்திருக்கிறார்கள். படித்ததையும் வாழ்ந்ததையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது சோற்றுக்கு அடுத்தபடியாக மனிதனுக்குத் தேவைப்படும் ஒன்று. அந்தத் தேவையை ஆட்சியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள், அறிந்தே அதன் கழுத்தைப் பிடித்தார்கள். அந்தமான் சிறையின் வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது.

1858 மார்ச் 10 அன்று கண்காணிப்பாளர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேயரில் வந்து இறங்கினார். அப்போது இந்தக் கைதிக் குடியேற்றத்தில் பெரிய சிறைக் கட்டடம் எதுவும் இல்லை, கடலே மதிலாக இருந்தது. கைதிகள் காடு வெட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், காய்ச்சலில் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். 1857 கிளர்ச்சிக்காக நாடு கடத்தப்பட்டவர்களில் நூல் கற்ற பெரியவர்களும் இருந்தார்கள். தத்துவ அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி அந்தமானில் இருந்தபடியே கிளர்ச்சியைப்பற்றி அரபியில் எழுதினார், 1861-இல் அங்கேயே இறந்தார். காகிதம் கிடைக்காமல் துணித் துண்டுகளில் கரியால் எழுதி அனுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவருடன் இருந்த முப்தி இனாயத் அகமது காகோரவி கையில் நூலே இல்லாமல் நினைவிலிருந்தே நூல் எழுதினார் என்பார்கள். 1864 அம்பாலா வஹாபி வழக்கில் தண்டிக்கப்பட்ட ஜாஃபர் தானேசரி 1866 தொடங்கி 1883 வரை தீவில் இருந்தார். எழுதத் தெரிந்தவர் என்பதால் அலுவலகத்தில் முன்ஷி வேலை கிடைத்தது. வெள்ளை அதிகாரிகளுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்தார், தாமும் ஆங்கிலம் கற்றார், ஊர் திரும்பியபின் தம் கதையை உருதுவில் எழுதினார். அந்தக் காலத்து அந்தமான் கொடியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் நிர்வாகத்துக்கு எழுத்தர் தேவைப்பட்டதால் படித்த கைதியிடம் பேனா இருந்தது. பேனா இருந்தவனுக்குத் தன் நாளைப்பற்றி நினைக்க ஓர் இடுக்கு கிடைத்தது.

அந்த இடுக்கும் அடைபட்டது 1890-க்குப் பிறகு. லையல், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் அவ்வாண்டு தீவைப் பார்வையிட்டு, நாடு கடத்தலின் அச்சம் தேய்ந்துவிட்டது, வந்து இறங்குகிறவனை முதலில் சில காலம் தனியறையில் அடைத்துக் கடுமையாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 1896-இல் தொடங்கிய கட்டட வேலை பத்தாண்டுகள் நடந்து செல்லுலார் சிறையாக நின்றது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து பிரியும் ஏழு சிறகுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகத் தனியறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருந்ததால் ஒரு கைதி இன்னொருவன் முகத்தைப் பார்க்க வழியில்லை. 1909 கடைசியில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கின் பாரீந்திர குமார் கோஷ், உபேந்திரநாத் பானர்ஜி, உல்லாஸ்கர் தத் முதலியோர் இங்கே வந்தார்கள். 1911 ஜூலையில் விநாயக் சாவர்க்கர் வந்தார். தேங்காய் நார் அடிப்பதும் செக்காட்டுவதும் வேலை. செக்கில் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் அளந்து தரவேண்டும். பேச்சுக்குத் தடை இருந்தது. வீட்டுக்குக் கடிதம் ஆண்டுக்கு ஒன்று, அதுவும் நடத்தை நன்றாக இருந்தால்தான்.

இந்த ஆண்டுக்கு ஒன்று என்ற விதியைப் பலர் பல கொடுமைகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சவுக்கடியையும் செக்கையும் போலவே இதுவும் ஆராய்ந்து பார்க்கத் தக்கது. திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு கால அளவு வேண்டும். ஒரு மாதம் மனிதனின் நினைவுக்குள் அடங்கும், அதில் இந்தப் புத்தகம் படித்தேன், இந்த நாள் காய்ச்சல் வந்தது, இன்னாரோடு மனம் விட்டுப் பேசினேன் என்று சொல்ல முடியும். ஓர் ஆண்டை ஒரு தாளில் சொல்லச் சொன்னால் நலமாக இருக்கிறேன் என்பதற்கு மேல் சொல்ல இடம் ஏது? நாள்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. சாவர்க்கர் 1912 முதல் தம் தம்பி நாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. ஆண்டுக்கணக்கில் தேங்கிய பேச்சு முழுவதும் அதிகாரியின் கண்ணைக் கடந்து போக வேண்டியிருந்தது. கைதியின் கழுத்தில் தொங்கிய மரப்பட்டையில் எண்ணும் தண்டனையும் விடுதலை ஆண்டும் எழுதியிருந்தார்கள், அவருடைய பட்டையில் அந்த ஆண்டு 1960. கைதி தன் வாழ்வைப்பற்றி அரசுக்கு எழுத அனுமதிக்கப்பட்ட இன்னொரு வடிவம் மனு. பாரீந்திரரும் சாவர்க்கரும் மனு எழுதியது எல்லாரும் அறிந்த செய்தி, அதை வைத்து இன்றும் வழக்காடுகிறார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. மனுவில் ஒருவன் தன் வாழ்வை ஆள்வோன் கேட்க விரும்பும் விதமாகத்தான் சொல்ல முடியும். நண்பனுக்குச் சொல்லும் கணக்குக்கு வாயை அடைத்துவிட்டு, ஆண்டானுக்குச் சொல்லும் கணக்குக்கு மட்டும் காகிதம் நீட்டியது அந்தச் சிறை.

அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சிறைகளில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்திரம், மொத்தம் 40 ஆண்டு என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, அந்தமான் கப்பலேறாமல் தப்பினார். கோவைச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டினார்கள், அந்தக் கொடுமை அந்தமானுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் சிறையில் இருந்தபடியே அவர் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார், கண்ணூரில் ‘மெய்யறம்’ எழுதினார், தம் வாழ்க்கையைச் செய்யுளாகச் சொல்லத் தொடங்கினார். வெளியே பரலி சு. நெல்லையப்பர் போன்ற அன்பர்கள் இருந்தார்கள், எழுத்து போய்ச் சேர ஓர் ஆள் இருந்தது. ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு வைத்திருந்தார். சிறை உணவு, ஆஸ்துமா, படித்த நூல்கள், பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. 1922 ஜனவரி 24-ஆம் தேதிக் குறிப்பில், சுயராஜ்யம் வந்தவுடன் நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும் பணத்தின் வலிமையும் மக்களை வாட்டும் என்று அவர் எழுதினார். நாட்டின் எதிர்காலத்தைப்பற்றி அவ்வளவு தூரம் நிதானமாகப் பார்க்க முடிந்ததற்கு ஒரு காரணம், தன் இன்றைய நாளை எழுதி வைக்க அவரிடம் ஒரு நோட்டு இருந்ததுதான் என்று நான் நம்புகிறேன். அந்தமானில் அந்த நோட்டு கிடையாது. சாவர்க்கர் சுவரில் கீறிக் கீறிக் கவிதை இயற்றி, மனப்பாடம் செய்து வைத்தார். சுண்ணாம்பு அடித்தால் அந்தச் சுவர் வெறுமையாகிவிடும்.

1919-20-இல் ஆராய்ந்த இந்தியச் சிறைகள் குழு அந்தமானுக்கு நாடு கடத்துவதை நிறுத்தச் சொன்னது. அரசியல் கைதிகள் 1921 வாக்கில் தாய்நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலுக்குப் பிறகு, 1932-இல் வங்காளப் புரட்சியாளர்களை அடைக்க மறுபடியும் அந்தக் கதவு திறந்தது. அறைகளில் இரவில் விளக்கு இல்லை. மாலையில் பூட்டினால் விடியும்வரை இருட்டு. 1933 மே 12 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நல்ல உணவு, படுக்கை, சோப்பு ஆகியவற்றோடு அறைக்கு விளக்கும் படிக்கப் புத்தகமும் செய்தித்தாளும் கேட்டார்கள். அதிகாரிகள் மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பாலூற்றினார்கள். பால் நுரையீரலுக்குள் போனது. லாகூர் சதி வழக்கின் மகாவீர் சிங் மே 17 அன்று இறந்தார். மோகன் கிஷோர் நாமதாஸும் மோகித் மைத்ராவும் அம்மாதத்துக்குள்ளேயே இறந்தார்கள். மற்றவர்கள் விடவில்லை. 46-ஆம் நாள், ஜூன் 26 அன்று, அரசு இறங்கிவந்தது. விளக்கு வந்தது, புத்தகம் வந்தது, செய்தித்தாள் வந்தது. சோற்றுக்காகத்தான் போராடினார்கள், புத்தகம் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் சோறு கிடைத்தபின் அவர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும்.

கிடைத்த விளக்கொளியில் அவர்கள் வகுப்பு நடத்தினார்கள். வரலாறும் பொருளாதாரமும் மார்க்சியமும் படித்தார்கள், படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லி வாதித்தார்கள், கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 1935-இல் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன் என்ற அமைப்பு உருவானது. துப்பாக்கியோடு உள்ளே போன இளைஞர்கள் பலர் தனிமனித வீரத்தின் எல்லையை உணர்ந்து, தொழிலாளர் இயக்கமும் விவசாயிகள் இயக்கமும்தான் வழி என்று எண்ணி வெளியே வந்தார்கள். அந்த எண்ணத்தோடு எல்லாரும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் தான் நேற்று செய்ததை இன்று படித்ததோடு வைத்துப் பார்த்து, நாளை வேறு விதமாக வாழ முடிவெடுத்தார்களே, மாதாந்திரக் கணக்குப் பார்ப்பதன் உயிர்நிலை அதுதான். அதே ஆண்டுகளில் இத்தாலியச் சிறையில் மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சிக்கும் இப்படியே நடந்தது. 1926 நவம்பரில் கைதானவருக்கு அறையில் எழுதும் அனுமதி 1929-இல்தான் கிடைத்தது, முதல் நோட்டில் அவர் இட்ட தேதி 1929 பிப்ரவரி 8. பியரோ ஸ்ராஃபா என்ற நண்பர் மிலான் புத்தகக் கடையில் அவர் பெயரில் கணக்குத் திறந்து, வேண்டிய நூல்களை வாங்க வழிசெய்தார். அந்தப் புத்தகங்களும் அந்த அனுமதியும் இல்லையென்றால் 30-க்கு மேற்பட்ட நோட்டுகள் இல்லை. மூளையை முடக்க நினைக்கும் ஆட்சி முதலில் கைவைப்பது காகிதத்தில்தான், ரோமாபுரியிலும் அது அப்படித்தான், போர்ட் பிளேயரிலும் அப்படித்தான். 1937 ஜூலை 24 அன்று அந்தமானில் இரண்டாவது பெரிய உண்ணாவிரதம் தொடங்கியது. காந்தியும் தாகூரும் தலையிட, ஆகஸ்ட் கடைசியில் முடிந்தது. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நிலம் சேர்ந்தார்கள். செய்தித்தாள் படித்ததால்தான் மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவியேற்ற செய்தியை அவர்கள் அறிந்தார்கள், அதையொட்டித் தங்கள் கோரிக்கைக்கு நேரம் குறித்தார்கள்.

இதற்கெல்லாம் சான்று பின்னால் எழுதிய நினைவுநூல்கள்தானே, அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பது நியாயம். உபேந்திரநாத்தும் பாரீந்திரரும் சாவர்க்கரும் விடுதலையான பிறகு எழுதினார்கள். பிற்காலக் கைதி விஜய் குமார் சின்காவின் நூல் 1939-இல் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அரசியல் உண்டு, ஒருவர் பெரிதாக்குவதை இன்னொருவர் சொல்லாமலே விடுகிறார். முதல் காலத்தவர்களின் நூல்களில் ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதையும், பல சம்பவங்களுக்குத் தேதி இல்லாததையும் வாசகர் பார்க்கலாம். இதை அந்த ஆசிரியர்களின் குறை என்று சொல்ல மாட்டேன். அன்றன்று எழுதி வைக்க விடாத சிறை அவர்களுடைய நினைவிலும் இப்படிக் கை வைத்துவிட்டது. இந்த ஐயத்தை எழுப்புகிறவர் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறார். மாதந்தோறும் நாலு வரி எழுத விட்டிருந்தால் நமக்கு இவ்வளவு தடுமாற்றம் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மேலே சொன்னவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பெயர் பெற்றவர்கள். 80 ஆண்டுகளில் அந்தமானுக்கு வந்த பல்லாயிரம் கைதிகளில் அவர்கள் ஒரு கைப்பிடி. மெட்ராஸ் மாகாணத்திலிருந்து வந்த எழுத்தறியாத தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார்களுக்கும் புத்தகம் ஒரு பொருட்டா, மண்ணும் மனைவி மக்களும்தானே வேண்டியிருந்தது? இந்த மறுப்பில் பாதி உண்மை. தண்டனையின் கடுமையான கட்டத்தைத் தாண்டியவர்கள் சுயதொழில் கைதிகளாக நிலம் பெற்றுக் குடும்பத்தோடு வாழத்தான் ஆசைப்பட்டார்கள். ஆனால் படிக்கத் தெரியாதவனுக்குத் திரும்பிப் பார்க்கும் தேவை இல்லை என்பது எப்படிப் பொருந்தும்? அவன் அதை வேறு வழியில் செய்தான். மாப்பிள்ளைமார்கள் தாங்கள் குடியேறிய இடங்களுக்குக் காலிகட், மஞ்சேரி, வண்டூர், மண்ணார்காடு என்று விட்டுவந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். கடிதம் எழுத முடியாதவர்கள் மண்ணின்மேல் எழுதிய கடிதங்களாக அந்தப் பெயர்களை இன்றும் தெற்கு அந்தமான் வரைபடத்தில் வாசிக்கலாம். அவர்களுடைய மாதங்களைக் கணக்கெழுதியது நிர்வாகம்தான். எவ்வளவு வேலை செய்தான், எந்த விதியை மீறினான், எப்போது மருத்துவமனைக்குப் போனான், எப்போது செத்தான் என்பவை பதிவேட்டில் உண்டு. எதை நினைத்துப் படுத்தான் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் எஞ்சிய மூன்று 1979 பிப்ரவரி 11 முதல் தேசிய நினைவுச்சின்னம். அங்கே பளிங்கில் பொறித்த பெயர்கள் அரசியல் கைதிகளுடையவை, அவர்கள் அந்த மரியாதைக்கு முழுத் தகுதி உடையவர்கள். தமிழில் இன்னும் எழுதப்படாமல் இருப்பது, மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் பெயர் தெரியாமல் போனவர்களின் வரலாறு. அதற்குச் சான்று அந்தப் பழைய பதிவேடுகளிலும் இன்று தீவில் வாழும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாய்மொழியிலும் இருக்கிறது. வாய்மொழி தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். இந்த வேலையை இந்தத் தலைமுறையிலேயே தொடங்கியாக வேண்டும்.