செங்கல்பட்டில் பாய்ந்த குண்டு: கொலைச் சட்டத்திடம் சில கேள்விகள்

அக்டோபர் 10 வந்தால் நாம் செங்கல்பட்டை நினைக்கிறோம். மாமல்லபுரத்தை அடுத்த காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் மக்கள் எழுந்தனர். அந்த மண்ணில் நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தும் நாம், இந்தச் சாவுகளைச் சட்டத்தின் மொழியிலும் பேசப் பழக வேண்டும்.

முதலில் நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் முன்னோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பத்தாண்டுகளுக்கு அதை விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பிறர் முறைகேடாக ஆக்கிரமித்தால் அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1994இலும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆக, நிலத்தைக் கேட்டவர்கள் சட்டத்தை மீறச் சொல்லவில்லை, அமல்படுத்தச் சொன்னார்கள்.

அடுத்து உயிர். ஒருவர் இறந்துவிட்டார் என்பது மட்டும் கொலையை நிறுவாது. யாருடைய செயலால் இறந்தார், எந்த எண்ணத்தோடு, எதை அறிந்தே அவர் அதைச் செய்தார் என்று சட்டம் கேட்கிறது. அன்று நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 299, 300 பிரிவுகள் இந்தக் கேள்விகளின்மீதே நின்றன. 300ஆம் பிரிவில் மூன்றாவது விதிவிலக்கு ஒன்று இருந்தது. பொது ஊழியர் தம் அதிகாரத்தை மீறிச் சாவை விளைவித்தாலும், அது சட்டப்படி சரியென்றும் தம் கடமைக்குத் தேவையென்றும் நல்லெண்ணத்தோடு நம்பி, இறந்தவர்மீது பகையின்றிச் செய்திருந்தால் அது கொலையாகாது என்றது. தண்டனை குறையும், குற்றம் மறையாது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது.

நல்லெண்ணம் என்றால் என்ன? உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொன்னது. அப்படியானால், சுட்டது யார், ஆணையிட்டது யார், கலைந்து போகச் சொன்னார்களா, வேறு வழி இருந்ததா என்பவை சாட்சியத்தால் சோதிக்க வேண்டிய கேள்விகள். சீருடை அவற்றுக்குப் பதிலாகாது.

இங்கேதான் கதவு அடைபடுகிறது. கூட்டத்தைக் கலைக்கச் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக வழக்குத் தொடுக்க, அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு அரசின் முன்அனுமதியைக் கோரியது. சுட்டது அரசின் காவல்துறை. அனுமதி தர வேண்டியதும் அரசுதான். ஆனால் அந்தப் பிரிவு வழக்குத் தொடுப்பதைத்தான் கட்டுப்படுத்தியது. முதல் தகவல் அறிக்கை பதிவதையோ புலனாய்வையோ தடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

கீழவெண்மணியை எண்ணிப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் தீயில் மாண்டனர். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பிணங்கள் இருந்தன, குற்றவாளிகள் இல்லை. சாவு ஊரறிந்த உண்மையாக இருந்தாலும், பொறுப்பு நீதிமன்றத்தில் நிறுவப்பட வேண்டிய ஒன்று.

ஆகவே மாணவத் தோழர்களே, பிணக்கூறாய்வு அறிக்கையையும் சாட்சிகளின் சொல்லையும் முதல் நாளிலிருந்தே காக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிவாரணத் தொகை நீதிக்கு ஈடாகாது. நிலமும் நீதியும் ஒரே கோரிக்கை. அதற்காகத்தான் அவர்கள் இருவரும் விழுந்தார்கள்.