கயெட்டானோ ஷிரேயா: ஆரவாரம் செய்யாத பின்கள வீரர்

1982 உலகக் கிண்ண உதைபந்தாட்டம் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது மார்க்கோ டார்டெலியின் முகம். ஜூலை 11 ஆம் திகதி மட்ரிட்டில் நடந்த இறுதியாட்டத்தில், மேற்கு ஜேர்மனிக்கு எதிரான இத்தாலியின் இரண்டாவது கோலை அடித்துவிட்டு, முட்டிகளை இறுக்கி, தலையை அசைத்தவாறு கத்திக்கொண்டே ஓடினார் அவர். அதற்குச் சற்றுமுன் நடந்ததை அநேகர் மறந்துவிட்டனர். ஜேர்மனியரின் பெனால்டி எல்லைக்குள் இத்தாலியின் இரண்டு பின்கள வீரர்கள் தமக்குள் பந்தைப் பரிமாறிக்கொண்டிருந்தனர். ஒருவர் பதினெட்டே வயதான பெர்கோமி. மற்றவர் கயெட்டானோ ஷிரேயா. டார்டெலிக்குப் பந்தைக் கொடுத்தவர் ஷிரேயாவே.

ஒரு கோல் முன்னிலை பெற்றால் இத்தாலியர் கதவை அடைத்துவிடுவர் என்பது அக்காலத்துப் பேச்சு. அவர்களது தற்காப்பு முறைக்கே கதவுத் தாழ்ப்பாள் என்று பொருள்படும் 'கட்டனாச்சோ' என்ற பெயர்தான் வழங்கியது. அம்முறையில் எல்லோருக்கும் பின்னால் நின்று, தப்பிவரும் பந்தைத் தடுப்பவர் 'லிபரோ'. குறித்த ஓர் எதிரணி வீரரைக் காவல் காக்கும் கடமை இல்லாத சுதந்திரர் என்பது அதன் பொருள். அந்தச் சுதந்திரத்தை முன்னேறிச் சென்று ஆட்டத்தை வகுப்பதற்கும் பயன்படுத்தியவர்களுள் ஷிரேயா தலையாயவர்.

அது அவருக்கு இயல்பாகவே வந்தது. 1953 மே 25 ஆம் திகதி லொம்பார்டியில் பிறந்த அவர், தாக்குதல் மனப்பாங்குள்ள மத்தியகள வீரராகவே ஆடத் தொடங்கினார். பின்களத்துக்கு வந்தது பிற்பாடு. அத்தலாந்தா கழகத்திலிருந்து 1974 இல் யுவென்டஸுக்குச் சென்று, 1988 வரை 552 ஆட்டங்கள் ஆடினார். ஏழு தேசிய சம்பியன் பட்டங்களுடன் ஐரோப்பாவின் மூன்று பெரிய கழகக் கிண்ணங்களையும் வென்றார். நாட்டுக்காக 78 ஆட்டங்கள். இத்தனைக்கும் ஒருமுறையேனும் களத்திலிருந்து வெளியேற்றப்படவில்லை.

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் தயாரித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். கோல் அடித்தவருக்குத் தலைப்பு உண்டு. சிவப்பு அட்டை பெற்றவருக்கும் தலைப்பு உண்டு. நடக்கவிருந்த ஆபத்தை நடக்காமற் செய்தவருக்குத் தலைப்பு இல்லை. ஷிரேயாவைப் பற்றி நாம் குறைவாக எழுதியமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் எவராலும் தடுக்கமுடியாத ஒன்று அவர் கண்ணெதிரே நிகழ்ந்தது. 1985 மே 29 ஆம் திகதி பிரசல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ரசிகர்கள் சிலர் எதிர்த்தரப்பினர்மீது பாய்ந்தனர். நெரிசலிலும் மதில் சரிந்ததிலும் 39 பேர் மாண்டனர், பெரும்பாலானோர் இத்தாலியர். யுவென்டஸ் அணித்தலைவரான ஷிரேயாவும், லிவர்பூல் தலைவர் ஃபில் நீலும் ஒலிபெருக்கியில் அமைதி காக்குமாறு வேண்டினர். பின்னர் ஆட்டம் நடந்தது. யுவென்டஸ் ஒரு கோலால் வென்றது. அவரது வெற்றிகளின் பட்டியலை நிறைவாக்கிய கிண்ணம் அதுதான் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

ஓய்வின் பின், தம் நெருங்கிய நண்பர் டீனோ ஸொஃப் பயிற்றுவித்த யுவென்டஸில் அவரது உதவியாளரானார். அடுத்துச் சந்திக்கவிருந்த கோர்னிக் சாப்ஷே அணியின் ஆட்டத்தைப் பார்த்துவர போலந்துக்குச் சென்றார். 1989 செப்டெம்பர் 3 ஆம் திகதி, திரும்பும் வழியில் கார் விபத்துக்குள்ளானது. காரில் எடுத்துச் சென்ற பெற்றோல் கலன்கள் தீப்பற்றின. வயது 36.

டூரினில் 2011 இல் திறக்கப்பட்ட யுவென்டஸ் மைதானத்தின் தெற்குப் பார்வையாளர் பகுதிக்கும், அருகிலுள்ள வீதிக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மரணச் செய்தி அன்றிரவு இத்தாலியத் தொலைக்காட்சியின் விளையாட்டு நிகழ்ச்சியொன்றில் அறிவிக்கப்பட்டபோது, கலையகத்தில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் அழுதுகொண்டே எழுந்து வெளியேறினார். அவர் மார்க்கோ டார்டெலி.