பெட்டியின் மேல் ஒரு வட்டம்

அட்டைப் பெட்டி வந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே தவிர, பெட்டியைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் அபூர்வம். அமெரிக்காவில் செய்த பெட்டியானால் அதன் மடிப்பில் பெரும்பாலும் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். இத்தனை பலம், இத்தனை எடை ஏற்றலாம் என்று செய்தவர் அதில் வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்குக்குப் பின்னால் நூறு வருஷத்துச் சண்டையும் சமாதானமும் இருக்கின்றன.

நெளிவுக் காகிதம் பெட்டிக்காகப் பிறந்ததல்ல. 1856-ல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் தொப்பியின் உட்பட்டைக்காக அதைப் பதிவு செய்துகொண்டார்கள். 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் சீசாக்களையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றி வைக்க அதை உபயோகித்தார். 1874-ல் ஆலிவர் லாங் நெளிவின் மேல் தாள் ஒட்டினார். பெட்டியாகும் யோக்கியதை அதற்கு அப்போதுதான் வந்தது.

யோக்கியதை வந்தால் போதுமா? மரியாதை வரவேண்டாமா? அன்று சாமான்கள் மரப் பெட்டியில்தான் போகும். மரமோ ரெயில்வேக்களுக்குப் பெரிய சரக்கு. காகிதப் பெட்டியில் வைத்த சாமானுக்கு மேற்குப் பகுதி ரெயில்வேக்கள் கூடுதல் கட்டணம் கேட்டன. விவகாரம் மாகாணங்களிடை வர்த்தகக் கமிஷன் வரை போயிற்று. பிரிதம் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 1914-ல், இந்தப் பாரபட்சம் நியாயமல்ல என்று தீர்ப்பாயிற்று.

ஜயித்த பிறகுதான் உண்மையான சங்கடம். எது நல்ல பெட்டி? ஜான் முல்லன் 1887-லேயே ஒரு கருவி செய்திருந்தார். ரப்பர்ச் சவ்வைக் காகிதத்தின்மேல் உப்பவைத்து, எந்த அழுத்தத்தில் அது கிழிகிறது என்று காட்டும். 1919-ல் ரெயில்வேச் சரக்குத் தொகுப்பின் 41-வது விதி இந்த அளவை ஏற்றது. ஆனால் காகிதம் அப்பளத்தின் ஜாதி. ஈரக் காற்றில் நமுத்துப் போகும். ஒரே தாள் ஓர் ஊரில் பலசாலி, இன்னோர் ஊரில் நோஞ்சான். அப்படியானால் யாருடைய எண்ணை நம்புவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானது 1915-ல் தொடங்கிய டாப்பி என்ற தொழில்நுட்பச் சங்கம். அதன் கமிட்டிகளில் ஆலைக்காரர், பெட்டிக்காரர், ரசாயனிகள், கருவி விற்பவர் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அந்த வேலைக்குச் சங்கம் சம்பளம் தருவதில்லை. சோதனை அறையில் உஷ்ணம் 23 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 50 என்பது போன்ற சின்ன விஷயங்களை வார்த்தை வார்த்தையாக விவாதித்து எழுதினார்கள். எதிர்த்து ஒரு வோட்டு விழுந்தாலும் அதன் காரணத்தை எடுத்து ஆராயவேண்டும். எழுதியதையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டும்.

இவர்களை மகான்களாக்க எனக்கு உத்தேசமில்லை. சங்கம் சம்பளம் தராவிட்டாலும் அவரவர் கம்பெனி தருகிறது. கனமான காகிதம் விற்கிறவருக்கும், மெல்லிய காகிதத்திலேயே பலம் காட்டுகிறவருக்கும் ஒரே அளவுகோல் பிடிக்குமா? கிழியாத அட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நசுங்காது என்பது நிச்சயமில்லை. 1963-லேயே விஸ்கான்ஸின் மாகாணத்து ஆப்பிள்டனில் மக்கீயும் அவருடைய சகாக்களும், அட்டையின் விளிம்பு பலத்திலிருந்து பெட்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடச் சூத்திரம் தந்தார்கள். ஆனால் 41-வது விதி விளிம்பு பலத்தை மாற்று அளவாக ஏற்றது 1991-ல்! இன்று 65 பவுண்டு பெட்டிக்கு, சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு கிழிபலமும் சரி, அங்குலத்துக்கு 32 பவுண்டு விளிம்பு பலமும் சரி.

இருபத்தெட்டு வருஷம்! ஆமை வேகம் என்று சிரிக்கலாம். ஆனாலும் ஒரு வியாபாரி, தன் போட்டிக்காரனும் தானும் ஒரே படியால் அளக்கவேண்டும் என்று சம்மதிப்பது லேசான காரியமா? வோட்டில் தோற்றவர் ஊர் திரும்பி, தமக்குப் பிடிக்காத அந்த முறையிலேயே தம் சரக்கைச் சோதிக்கிறாரே, அங்கேதான் கமிட்டியின் வெற்றி இருக்கிறது. கதாநாயகன் இல்லாத கதை இது. ஆனால் பெட்டி நசுங்காமல் வந்து சேர்கிறது.