தெருப்பெயரும் வீட்டிலக்கமும்: சோழநாட்டு நகர்களில் எஞ்சியவை

ஆகஸ்டு இறுதியில் கொடியேற்றத்திற்கென வேளாங்கண்ணிக்கு நடந்துவரும் பயணிகள் எவரிடத்தும் கதவிலக்கம் கேட்பதில்லை. மாதா குளம், நடுத்திட்டு என்னும் பெயர்களே அவர்களுக்குப் போதுமானவை. மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனைப் பற்றிய மரபுரை நடுத்திட்டோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அம்மரபுரையை நம் சபையினர் எவ்வாறு மதிப்பினும், ஒரு மேட்டு நிலத்தின் பெயர் தலைமுறை தலைமுறையாக முகவரியாய் நின்று வருவது வரலாற்று மாணவன் கருதத்தக்கது.

தெருவின் பெயரும் வீட்டின் இலக்கமும், ஒருவர் மற்றொருவரைக் கண்டுபிடிக்க விரும்பியதால் தோன்றியவை. தேடியவர் யார், எதற்காகத் தேடினார் என்பதைப் பழைய பெயர்கள் நமக்கு அறிவிக்கின்றன. தனித்தனியே பேர் சொல்லி எழுதப்பட்டவர்கள் யார், கூட்டமாக மட்டும் குறிக்கப்பட்டவர்கள் யார் என்பதையும் அவற்றால் அறியலாம். காவிரி கடலோடு கலக்கும் இந்நெல்வள நாட்டில் இச்செய்தியைக் கல்லிலும் தகட்டிலும் மக்கள் நாவிலும் காண்கிறோம்.

பண்டைய உலகில் முகவரி எவ்வாறு சொல்லப்பட்டது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளே சான்று. தமஸ்குவில் நேர்த்தெருவில் யூதாவின் வீடு என்று அனனியாவுக்குச் சொல்லப்படுகிறது. யோப்பாவிலோ தோல் பதனிடும் சீமோனின் வீடு என்றும், அது கடலோரத்திலுள்ளது என்றும் கொர்நேலியு அறிகிறான். தெரு, வீட்டுக்குடையவன், தொழில், திசை இவையே அடையாளங்கள், இலக்கம் இல்லை. அந்நேர்த்தெரு இன்றும் தமஸ்கு நகரின் கிழக்கு வாயில் வரை செல்கிறது.

ஐரோப்பாவில் வீடுகளுக்கு இலக்கமிடும் முறை பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. 1770-இல் மரியா தெரேசா அரசி தம் நாட்டு வீடுகளுக்கு எண்ணிடச் செய்தது படைக்கு ஆள் சேர்க்கவே. பாரிசு நகரில் 1728 முதல் தெருமுனைகளில் பெயர்த்தகடுகள் பொருத்தப்பட்டன. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்கள் மறுபக்கமும் அமையும் முறை 1805-இல் நெப்போலியன் காலத்து ஆணையால் வந்தது. இவற்றைப் படித்துவிட்டு, வீட்டிலக்கம் மேனாட்டார் நமக்குக் கொணர்ந்தது என்று கருதுவோர் பலர். அவர்கள் தஞ்சைக்கு ஒருமுறை சென்று வருவது நலம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில், முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டாகிய 1014-ஐ ஒட்டி வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று உளது. கோயிற் பணிக்கெனப் பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 பெண்டிரின் பட்டியல் அது. அவர்கள் குடியிருந்த தெருக்களுக்குத் தளிச்சேரி என்று பெயர். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி எனத் தெரு முதலில் கூறப்படும். அடுத்துத் தென்சிறகு, வடசிறகு எனத் தெருவின் எந்த வரிசை என்பது வரும். அதன்பின் தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று எண்ணிக்கை தொடர்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக, அதிலிருந்த பெண்ணின் பெயரும் அவள் எவ்வூரிலிருந்து வந்தவள் என்பதும் எழுதப்பட்டுள்ளன. தென்சிறகின் தலைவீட்டில் இருந்தவள் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. வீடு எங்கே இருந்தது என்று இன்று காட்ட முடியாது. அதன் இலக்கமோ ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளக்க வேண்டியிருந்தது. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து கொடுப்பவனுக்கு யார், எந்த வீடு என்று தெரிந்தாக வேண்டும். ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டு அகன்றாலோ அப்பங்கைப் பெற வேண்டிய உறவினர் யார் என்பதற்கும் விதி கூறப்பட்டுள்ளது. வியன்னாவில் படையாள் தேட எழுந்த இலக்கம், தஞ்சையில் நெல் அளக்க எழுந்தது. இவர்கள் தம் ஊர்களை விட்டு விரும்பி வந்தனரா என்பது பற்றிக் கல்வெட்டு வாய் திறக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அக்கோயிற் கல்வெட்டுகளில் தெருப்பெயர்களும் மிகப்பல. வீரசோழப் பெருந்தெரு, மும்முடிச்சோழப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி ஆகியன அரச குடும்பத்தின் புகழைச் சொல்லுவன. காந்தர்வத் தெரு, மடைப்பள்ளித் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, சாலியத் தெரு என்பன பாடுவோரும் சமைப்போரும் வில்லாளரும் யானைப் பாகரும் நெசவாளரும் வாழ்ந்த இடங்கள். யோப்பாவின் சீமோனைப் போல, தொழிலே இங்கும் முகவரியாயிற்று. இத்தெருக்களில் ஒன்றேனும் பழைய பெயரோடு இன்று வழங்குவதாக நாம் அறியோம். பிற்காலத்து நாயக்க மன்னர் அமைத்த அரண்மனையைச் சூழ்ந்த நான்கு இராச வீதிகளே இன்றைய தஞ்சையின் முதன்மைத் தெருக்கள்.

அதே மன்னனின் வேறு சில கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைக் கூறுகின்றன. வரி செலுத்தாத நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் வரிசையாக வருகின்றன. நிலத்தின் அளவு மா, காணி, முந்திரிகை எனச் சின்னஞ்சிறு பின்னம் வரை கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால் அச்சேரிகளில் வாழ்ந்தோர் ஒருவரின் பெயரும் அங்கே இல்லை. அவர்களுக்கு அளந்து கொடுக்க வேண்டிய பங்கு எதுவும் இல்லாததால், அவர்கள் வீட்டை எண்ணுவதற்கும் தேவை எழவில்லை. தளிச்சேரியும் தீண்டாச்சேரியும் ஒரே அரசின் ஏடுகளில் எழுதப்பட்டவை என்பது நம் உள்ளத்தை உறுத்துகிறது.

வேளாங்கண்ணியிலிருந்து கடலோரமாக வடக்கே நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் ஆகிய ஊர்களைக் கடந்தால் தரங்கம்பாடியை அடையலாம். 1620-இல் இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையால் டேனியர் பெற்ற இவ்வூரை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஆயினும் இராசா வீதி, இராணி வீதி, அட்மிரல் வீதி என்னும் பெயர்கள் அவர்களோடு போய்விடவில்லை. நகர வாயிலில் டேனிய அரச சின்னமும் 1792 என்னும் ஆண்டும் உள்ளன. புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் நான்காம் பிரெடரிக் மன்னரின் முடியெழுத்தும் 1718 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அதைக் கட்டிய சீகன்பால்கு மறு ஆண்டே மறைந்து அதனுள் அடக்கம் பண்ணப்பட்டார். அண்மையிலுள்ள பொறையாற்றில், அச்சகத்துக்கென மிஷனெரிமார் காகிதம் செய்ய முயன்ற இடத்தை மக்கள் கடுதாசிப் பட்டறை என்றனர். ஆலை நெடுநாள் நடக்கவில்லை, பெயர் நடந்தது. எந்த மன்னனும் இடாத இப்பெயரே நமக்கு எல்லாவற்றிலும் உவப்பானது.

சீகன்பால்கு 1707 மே 12-இல் முதன்முதல் திருமுழுக்குக் கொடுத்தது டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்த ஐவருக்கு. சபைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் அதே சபை ஆலயத்திற்குள் சாதிவாரியாக இருக்கை பிரித்ததையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. அவ்வேற்றுமையை உடனே விடவேண்டும் என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது, தஞ்சைச் சபையில் எழுந்த எதிர்ப்பு நம் வரலாற்றில் அழியாத பக்கம். சேரி என்னும் முகவரி ஆலய வாயிலோடு நிற்கவில்லை.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்தது. அவர்தம் தலைநகராகிய புதுச்சேரியில், நீலத் தகட்டில் வெள்ளெழுத்தாகப் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த தெருப்பலகைகள் இன்றும் காணப்படுகின்றன. துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி என ஆளுநரும் கடற்படைத் தலைவரும் அங்கே தமிழெழுத்துக்குள் வந்து அமர்ந்துள்ளனர். சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் படம் பிடிப்பது போல, நம்மூர் வீட்டு நிலைக்கால்களை யாரும் பிடிப்பதில்லை. நாகப்பட்டினமும் தஞ்சாவூரும் 1866-இல் நகராட்சிகளாயின. வீட்டு வரிக்கென ஓர் எண், மக்கள் கணக்கெடுப்பினர் எழுதிய ஓர் எண், மலேரியா ஒழிப்புத் திட்டத்தார் மருந்தடித்த நாளைக் குறித்த எழுத்து, பின்னர்ப் பழைய எண், புதிய எண் எனப் பழைய வீட்டு நிலைகள் அரசாங்கத்தின் ஏடுகளாகவே ஆகிவிட்டன. சுண்ணாம்பு அடிக்கும்போது அவை மறைகின்றன.

இவையனைத்தையும் காக்க வேண்டும் என்று நாம் சொல்வோமாயின், சாதிப் பெயர்களையுமா என்ற கேள்வி உடனே எழும். தெருப்பெயர்களிலிருந்து சாதியை நீக்க 1978-இல் தமிழக அரசு ஆணையிட்டது. சென்னையில் ஜி.என். செட்டி சாலை பலகைகளில் ஜி.என். சாலையானது அதனால்தான். உயர்ந்தோர் எனப்பட்டவரின் வால் எளிதாக வெட்டப்பட்டது. சேரிகளின் பெயர்களோ ஊராட்சி ஏடுகளில் நீடித்தன. 2025 அக்டோபரில் மீண்டும் ஓர் ஆணை பிறந்தது. சாதியைச் சுட்டும் பெயர்களையும் இழிவான பெயர்களையும், அவ்விடத்து மக்களின் கருத்தைக் கேட்டு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். வரலாறு அழிந்துபோகும் என்று இதனை மறுப்போர் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. இழிசொல்லைத் தாங்கி நிற்கும் பலகையின் கீழ் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, நம் ஆராய்ச்சிக்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை. கல்வெட்டு அதன் இடத்திலேயே இருக்கும், தெருமுனை வேறு.

நாகப்பட்டினத்தை ஒட்டிய கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அச்சேரியில் எழுந்த நினைவுச் சின்னத்தில் இறந்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தீண்டாச்சேரி என்று மட்டும் எழுதிச் சென்ற கல்லுக்கும் இக்கல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்.

பெயர் மாற்றம் நடைபெறும் ஊர்களில் நம் ஆயர்மாருக்கு ஒரு சிறு பணி உண்டு. பழைய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளில் தெருப்பெயரே குடும்பங்களைத் தொடர்ந்து காண உதவும் கயிறு. பலகை மாறும் ஆண்டிலேயே, பழைய பெயர், புதிய பெயர், பழைய இலக்கம், புதிய இலக்கம், மாறிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பதிவேட்டோடு தைத்து வைக்கலாம். தெருவின் முதியவர் இருவரை அருகில் அமர்த்திக்கொண்டால் ஒரு மாலைப்பொழுது போதும். எண்களை அவர்களும் மறந்திருக்கலாம், யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு என்பதை மறந்திருக்கமாட்டார்கள்.